கொடுக்கிற கை

மே 6, திங்கள்

இந்த நோட்டு என்னுடையது இல்லை. பயிற்சியாளர் குணசீலன் சார் கொடுத்தது. தினமும் ஜெசிந்தாவுக்கு எந்த மூலைக்கு எத்தனை காக் அனுப்பினேன், அதில் எத்தனையை அவள் எடுத்தாள் என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இறகுப் பந்தை நாங்கள் காக் என்றுதான் சொல்வோம். முன்பக்கம் அதற்கு. நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து நான் இதை எழுதுகிறேன். சார் பார்த்தால் பார்க்கட்டும், எனக்கென்ன பயமா?

இன்று காலைதான் சென்னையில் இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தேன். பத்து மணிக்குள் பெயர் மாறிவிட்டது. அம்மா குலசாமி பெயரை நினைத்து இசக்கியம்மாள் என்று வைத்தாள். இங்கே எல்லாருக்கும் நான் "டென்மார்க்". கேன்டீன் அக்காகூட, "டென்மார்க், இன்னொரு தோசை போடவா?" என்கிறாள்.

விஷயம் இதுதான். உலகத் தரவரிசையில் இரண்டாவதாக இருக்கும் ஜெசிந்தா, டென்மார்க்காரி ஒருத்தியிடம் வரிசையாக ஐந்து முறை தோற்றிருக்கிறாள். அவளுக்கு இடது கை. எனக்கும் இடது கை. ஆகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டி. அதுவரை நான் டென்மார்க்காரி மாதிரியே ஆடிக் காட்ட வேண்டும், என்னை வைத்து ஜெசிந்தா அவளை ஜெயிக்கப் பழக வேண்டும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சராக விசில் ஊதிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிடச் சொன்னது ஜெசிந்தாவேதானாம். கோடை விடுமுறையோடு சேர்த்து நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவள், வாசலில் பையோடு நின்ற என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "ஏட்டி இசக்கி, குண்டாயிட்டியேட்டி!"

மூதி. அவள் மாறவேயில்லை.

மே 7, செவ்வாய்

அறுநூறு காக். தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. சாம்பாரில் உப்பில்லை.

மே 9, வியாழன்

இந்த அரங்கத்தில் இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. ஒன்று "கொடு". இன்னொன்று "போடு". எதிராளி எடுக்க வேண்டும் என்று அனுப்பினால் அது கொடுப்பது. எடுக்கக் கூடாது என்று அனுப்பினால் போடுவது. நான் கொடுக்கிறவள். காலையில் கொடுக்கிறேன், மாலையில் கொடுக்கிறேன். கடைசியில் "நூறு" என்று ஒன்று இருக்கிறது. கோர்ட்டின் நடுவில், அவள் தலைக்குமேல் ஒரு முழம் உயரத்தில், பதமாக நூறு காக் தூக்கிக் கொடுக்க வேண்டும். நூறையும் அவள் ஸ்மாஷ் அடிப்பாள். ஒன்று தாழ்ந்து போனாலும் சார் விசில் ஊதிவிடுவார், மறுபடி முதலிலிருந்து.

டிவியில் ஜெசிந்தாவை ஐம்பது தடவை பார்த்திருப்பேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறு. டிவியில் அவள் ஓடுகிறாள். இங்கே அவள் ஓடுவதே தெரியவில்லை, போய் நின்றிருக்கிறாள். நான் காக்கை எங்கே அனுப்பலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் அங்கே இருக்கிறாள். இன்று எழுபதாவது காக்கை அடித்தபோது சத்தம் மேற்கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிறவர்களே அப்படி நிற்கிறார்கள் என்றால் நான் வாயைப் பிளந்ததில் என்ன வெட்கம்?

ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது.

மே 14, செவ்வாய்

இதை எழுதிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

நானும் ஜெசிந்தாவும் தூத்துக்குடியில் ஒரே அரங்கத்தில் ஆடக் கற்றவர்கள். என் அப்பா அப்போது அங்கே உப்பளத்தில் மேஸ்திரி. அவள் அப்பா விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். பதினான்கு, பதினைந்து வயதில் அவளை நான் மூன்று முறை ஜெயித்திருக்கிறேன். மாவட்டத்தில் ஒன்று, மாநிலத்தில் இரண்டு. பதினாறில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பாளையங்கோட்டைக்கு வந்து அம்மாவோடு வீட்டைத் தாங்கினேன். ராக்கெட் பரணில் ஏறியது. பிறகு கல்லூரிக்காக இறக்கினேன், மாநில அளவில் ஏதோ ஆடினேன், அந்தச் சான்றிதழை வைத்து வேலை வாங்கினேன். அவ்வளவுதான்.

அவள் ஒவ்வொரு தடவை டிவியில் வரும்போதும் அம்மா சொல்வாள்: "நீ மட்டும் விடாம ஆடியிருந்தா அங்கன நிக்கது நீதான்." அம்மா மட்டுமா? சித்தி சொல்வாள், பால்காரர் சொல்வார், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆண்டு விழாவில் மைக்கில் சொன்னார். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். உள்ளுக்குள் இனிக்கும். மற்றது எது இல்லாவிட்டாலும் இது ஒன்று இருக்கிறதே என்று தோன்றும்.

இங்கே டென்மார்க்காரிக்காக வரவில்லை. அந்தப் பேச்சு உண்மையா என்று தெரிந்துகொள்ள வந்தேன். இருபத்தெட்டு வயதாகிறது, இனியும் தெரியாமல் இருக்க முடியாது.

மே 23, வியாழன்

டென்மார்க்காரியின் ஆட்டம் பிடிபட்டுவிட்டது! பதினாறு வீடியோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் சட்டையின் தோளை இழுத்துவிட்டுத்தான் சர்வீஸ் போடுவாள். நானும் இழுத்தேன். அவளுடைய பெரிய வித்தை, ராக்கெட்டை ஓங்கியபடி ஒரு கணம் நிறுத்துவது. அந்தக் கணத்தில் எதிராளி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவிப்பாள். உடனே நேராக, வலையை ஒட்டி, எதிராளியின் வலது முன்மூலையில் மெல்லப் போட்டுவிடுவாள். ஐந்து மேட்சிலும் ஜெசிந்தாவைக் கொன்றது அந்தக் கணம்தான்.

இன்று மாலை முழு ஆட்டம் ஒன்று ஆடினோம். நான் டென்மார்க்காரியாகவே ஆடினேன். 21-15. ஜெயித்தது நான்.

உலகத்தில் இரண்டாவது இடத்தில் இருப்பவளை ஜெயித்துவிட்டேன். ஜெசிந்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்படியே அவதான்ட்டி. ஒன்னையப் பாத்தாலே எரிச்சலா வருது" என்றாள். பாராட்டுதான். நான் மெஸ்ஸில் மூன்று சப்பாத்தி கூடச் சாப்பிட்டேன்.

ஆனால் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது பார்த்தேன். ஜெசிந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மே 24, வெள்ளி

சார் புது உத்தரவு போட்டார். "வலது முன்மூலைக்குக் கொடுக்காதே. அவளுக்கு முட்டியில லேசா ஒரு இழுப்பு. ரெண்டு வாரம் போகட்டும்." சரி சார் என்றேன். எனக்கென்ன வந்தது?

ஜூன் 2, ஞாயிறு

பயிற்சி இல்லை. காலையில் ஜெசிந்தா மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தாள். நான் ஏழு ஜோடி காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். மதியம் அவளே மீன் வாங்கி வந்து, கேன்டீன் அக்காவை ஓரம் தள்ளிவிட்டுச் சாளைக் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது, புளி ஒரு கை கூடுதல்.

சாப்பிடும்போது பழைய கதைகள் பேசினோம். பதினேழு வயதில் தனியாக வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனாளாம். ஒரே வருடத்தில் பதினொரு போட்டி. பதினொன்றிலும் முதல் சுற்றில் தோல்வி. ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆடிவிட்டு, அடுத்த நாள் விமானத்துக்காக விமான நிலைய நாற்காலியில் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

"பதினொண்ணா? ஏட்டி, எப்படி பன்னெண்டாவதுக்குப் போன?" என்று கேட்டேன்.

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்தாள். "பதினொண்ணாவதுல அந்தக் கொரியாக்காரி எப்படிப் போடுதான்னு கொஞ்சம் புரிஞ்சிது. அத வீட்டுக்கு வந்து மறந்துட்டா? அதான் ஒடனே போனேன்."

பன்னிரண்டாவதிலும் தோற்றாளாம், ஆனால் மூன்று செட் ஆடி. அதைச் சொல்லும்போது ஏதோ தங்க மெடல் வாங்கியதைப் போலச் சிரித்தாள். பிறகு அவள் வாங்கிய ஆசியப் பட்டங்கள் இரண்டைப் பற்றிக் கேட்டால், "ஆமா, அதுவும் ஜெயிச்சேன்" என்று முடித்துவிட்டாள்.

முட்டியைப் பற்றி மெதுவாக எடுத்தேன். "சவத்த விடு" என்றாள். நான் விடவில்லை.

"டென்மார்க்காரி அங்கனதானே போடுவா?"

"அங்கன மட்டுந்தான் போடுவா."

"நான் கொடுக்கட்டுமா அப்போ?"

"சார் வைவாரு." கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "இங்க எல்லாரும் பயந்து பயந்து குடுக்காவ இசக்கி. ஏதோ நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. அதுலயே எனக்குப் பாதி பயம் வந்துட்டு."

பதினொரு தோல்வி. நானாயிருந்தால் மூன்றாவதோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியிருப்பேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எனக்கு அப்பா காரணம். அவளுக்கு அப்பா நன்றாக இருந்தார். அது வேறு, இது வேறு.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு வாரம் தாண்டிவிட்டது. வலது முன்மூலைக்கு இன்னும் தடை. சார் கேட்டால் "நல்லாயிருக்கு சார்" என்கிறாள். படியில் இன்னும் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். சொல்லலாமா என்று இருந்தேன், சொல்லவில்லை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதாம், சித்தி மகனை வாங்கித் தரச் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஜூலை முதல் வாரம் கோவையில் தேசியப் போட்டி. ஜெசிந்தா உலகப் போட்டிக்கு முன் ஆடுகிற ஒரே போட்டி. சார் என்னிடம், "நீயும் பேர் கொடு. தகுதிச் சுற்றிலிருந்து ஆடு. மேட்ச் சூடு இருந்தாதான் நல்லாக் கொடுப்பே" என்றார்.

கொடுப்பதற்காக ஆட வேண்டுமாம்! ஆறு வருடமாகிறது நான் ஒரு போட்டியில் நின்று. சரி என்றேன்.

ஜூன் 27, வியாழன்

அட்டவணை வந்துவிட்டது. தகுதிச் சுற்றில் மூன்று, முதன்மைச் சுற்றில் ஒன்று ஜெயித்தால் அடுத்தது யார் என்று பார்த்தேன். ஜெசிந்தா. மூன்று தடவை பார்த்தேன். அச்சுப்பிழை இல்லை.

ஜூலை 3, புதன், கோவை

தகுதிச் சுற்று மூன்றும் ஜெயித்தேன். கால் ஆணி வலிக்கிறது. அம்மா இசக்கியம்மனுக்கு மஞ்சள் குழைத்து மஞ்சணை சாத்தினாளாம்.

ஜூலை 4, வியாழன்

முதல் சுற்றில் ஹரியானாப் பெண்ணை 21-17, 21-19. நாளை மாலை நாலு மணிக்கு, இரண்டாவது கோர்ட்டில், ஜெசிந்தாவும் நானும்.

சாயங்காலம் சார் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"இசக்கி, அந்த மூலை வேண்டாம்மா. உலகப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கு."

"சார், நாளைக்கு மேட்ச்."

"தெரியும். நான் உத்தரவு போடல. கேக்கறேன்."

உத்தரவு போட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கேட்கிற மனிதரிடம் என்ன சொல்வது? தலையை ஆட்டினேன். அது சரி என்ற ஆட்டமா, பார்க்கலாம் என்ற ஆட்டமா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் ஆட்டத்தில் இருக்கிற ஒரே ஓட்டை அந்த மூலை. அது எனக்குத் தெரியும். அது இல்லாமல் அவளை நான் ஜெயிக்க முடியாது, அதுவும் தெரியும். அங்கே போட்டு ஜெயித்தால் என் கேள்விக்கு அது பதிலாகுமா? அங்கே போடாமல் தோற்றால் அது பதிலாகுமா? தயிர்சாதம் இறங்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

உட்கார்ந்து வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு எனக்கு ஏற்றபடி மாற்றிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அரங்கம் நிறைந்திருந்தது, எனக்காக இல்லை. "ஜெசிந்தா! ஜெசிந்தா!" என்று பள்ளிப் பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும், "இடதுகைப் பொண்ணு, விடாதே கண்ணு!" என்று கத்தினார். அவர் யாரோ, நல்லாயிருக்கட்டும்.

முதல் செட்டை நான் நானாக ஆட நினைத்தேன். வேடிக்கையைப் பாருங்கள், இரண்டு மாதம் டென்மார்க்காரியாக ஆடியதில் என் சொந்த ஆட்டம் எதுவென்றே மறந்து போயிருந்தது. 16-21. இரண்டாவது செட்டில் தானாகவே தோளில் சட்டையை இழுத்துவிட்டேன். ராக்கெட் நின்று நின்று போனது. அந்த வலது முன்மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று மூலைக்கும் போட்டேன். 21-18. எனக்கு! கிழவர் எழுந்து நின்று ஆடினார்.

மூன்றாவது செட் 19-19 வரை வந்தது. அந்த 19 வரைக்கும் எப்படி வந்தோம் என்று கேட்டால் பாதி நினைவில்லை. எனக்குக் கண்ணில் வியர்வை, தொடை துடிக்கிறது. எதிரில் அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு முட்டியைத் தொடாமல் இருக்கப் பாடுபடுகிறாள். இரண்டு மாதம் பக்கத்தில் நின்று பார்த்ததால் எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த 19-19 புள்ளியில் முப்பது, முப்பத்தைந்து அடி போயிருக்கும். அவள் பின்னால் விழுந்தபடி எடுத்த ஒன்று, குறைந்து, என் கோர்ட்டின் நடுவில் வந்து தொங்கியது. நான் அடித்தால் புள்ளி. அவளுடைய இடது பக்கம் முழுவதும் காலி. அடிக்கத்தான் ராக்கெட்டை எடுத்தேன்.

கை அடிக்கவில்லை. கை கொடுத்தது.

ஐம்பது நாள், நாளுக்கு நூறு. கோர்ட்டின் நடுவில், தலைக்குமேல் ஒரு முழம் உயரத்தில், பதமாக. பாழாய்ப்போன கை, அதையே செய்தது. காக் மேலே எழும்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அரங்கம் முழுவதும் "அய்யோ!" என்றது. நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாக இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டும், அந்த நொடியில் உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

ஜெசிந்தா காக்குக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். ராக்கெட் ஓங்கியாகிவிட்டது. நூறில் நூறும் அடிக்கிறவள் அவள். நான் தோள் தொங்க நின்றேன். அவள் காக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு ஓங்கிய கையைத் தளர்த்தி, ஒரு குழந்தையைத் தட்டுவது போலத் தட்டி, காக்கை அவள் பக்க வலையிலேயே இறக்கிவிட்டாள்.

நடுவர் சொன்னார்: "இருபது, பத்தொன்பது. மேட்ச் பாயிண்ட்." எனக்கு.

வலைக்குக் கீழே காக்கைத் தள்ளிவிட வந்தவள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "குடுக்காத. போடு."

ஒரு புள்ளி. உலகத்தில் இரண்டாவதாக இருப்பவளை, தேசியப் போட்டியில், பொய்யில்லாமல் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி. ஓரத்தில் குணசீலன் சார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் நேற்றுக் கேட்டது ஞாபகம் வந்தது. அவள் இப்போது சொன்னதும் காதில் இருந்தது. நான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். சர்வீஸ் போட்டேன். ஐந்தாவது அடியில் ராக்கெட்டை ஓங்கி, ஒரு கணம் நிறுத்தி, நேராக அவளுடைய வலது முன்மூலையில் போட்டேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை நான் போட்டதில்லை. வலையை உரசிக்கொண்டு இறங்கியது.

எடுத்தாள். வலது காலை நீட்டி, முட்டி மடிந்து, தரைக்கு நாலு விரற்கடை மேலே எடுத்தாள். வலியில் முகம் கோணியது. நான் நிறுத்தவில்லை. மறுபடி அங்கேயே போட்டேன். மறுபடி எடுத்தாள், இந்தத் தடவை "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு அழுகை முட்டியது, ஆனாலும் மூன்றாவது தடவையும் அங்கேதான் போட்டேன், முன்னிரண்டைவிட நன்றாக. அதற்கும் வந்தாள். அதை எடுத்தது மட்டுமில்லை, காக்கை வலையின் மேல் நாடாவில் உருட்டிவிட்டு என் பக்கம் விழ வைத்தாள். நான் பாய்ந்தேன். எட்டவில்லை.

20-20. பிறகு 21-20. பிறகு 22-20, அவளுக்கு. அந்த இரண்டு புள்ளியும் என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அந்த மூன்றில் போட்டுவிட்டேன்.

கை குலுக்க வந்தாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. "மூணு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "மூணையும் எடுத்தேன், பாத்தியாட்டி? ரெண்டாவதுக்கு உயிரே போயிட்டு." சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறாள்! சார் ஓடிவந்து அவளைப் பார்த்து, "பைத்தியமா உனக்கு? பத்தொன்பதுல, வலையிலயா அடிப்பாங்க?" என்று கத்தினார். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டுவிட்டேன். "எதுக்குட்டி வலையில அடிச்ச?"

"எத?"

"பத்தொம்பதுல. நான் தூக்கிக் கொடுத்தத."

"அதா? அது நீ போட்டது இல்லியே. அது நம்ம நூறுல வார டிரில்லு காக். அதுல போய் எப்படி பாயிண்ட் எடுக்க?" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. "எனக்கு அந்த மூலைக்கு யாராச்சும் நெசமாப் போடணும். டென்மார்க்காரி முப்பது தடவ போடுவா. இந்த முட்டி தாங்குமா தாங்காதான்னு இங்கயே தெரியணும்ல. ஒன்னைய விட்டா யாரு போடுவா?" பிறகு பையிலிருந்து வாழைப்பழம் ஒன்றை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

நான் அந்தப் பாதிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

காலையில் ஸ்கேன். கிழிசல் எதுவுமில்லை, வீக்கம்தான், நாலு நாள் ஓய்வு என்றார்கள். இன்று நடக்க வேண்டிய கால் இறுதியிலிருந்து ஜெசிந்தா விலகிக்கொண்டாள். இந்த வருடத் தேசியப் பட்டம் அவளுக்கு இல்லை. பேப்பரில், "முன்னணி வீராங்கனை விலகல்" என்று இரண்டு வரி. 19-19 பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனப்பிசகில் வலையில் அடித்தாள் என்று நினைத்திருப்பார்கள்.

சார் என்னிடம் வந்து, "உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். பரவாயில்லை சார் என்றேன். நோட்டின் முன்பக்கத்தை வாங்கிப் பார்த்து, "திங்கட்கிழமை வேண்டாம், வியாழக்கிழமையிலிருந்து அந்த மூலைக்குப் போடு" என்றார். "கொடு" என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

கால் ஆணிக்கு மருந்து வைத்துவிட்டு, சட்டைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தேன். என் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு நியாயமாக யோசித்தேன். 20-22. ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அதை வைத்துக்கொண்டு ஊரில் இன்னும் இருபது வருடம் ஓட்டலாம். ஆனால் கேள்வி அது இல்லை என்று இப்போது தெரிகிறது. 19-19ல், இரண்டு பக்கமும் உயிர் போகிற நேரத்தில், ஜெசிந்தா எனக்கு அப்படி ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அடித்திருப்பேன். ஓங்கி அடித்துவிட்டு, கோர்ட்டைச் சுற்றி ஓடிக் குதித்திருப்பேன். அது தப்பும் இல்லை, யாராயிருந்தாலும் அடிப்பார்கள். அவள் அடிக்கவில்லை. அடிக்காமல் இருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது.

அப்பா விழாமல் இருந்திருந்தாலும், ராக்கெட் பரணில் ஏறாமல் இருந்திருந்தாலும், நான் நல்ல ஆட்டக்காரியாக ஆகியிருப்பேன். அவளாக ஆகியிருக்க மாட்டேன். இதை எழுதும்போது அழுகிறேன். பன்னிரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்ததை விடுவதென்றால் வலிக்காதா? ஆனால் மூச்சு நன்றாக வருகிறது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். யாரோ வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏட்டி, ரெண்டே பாயிண்டுதானாம்ல! ஊரே பேசுது. நான் அன்னைக்கே சொன்னேம்லா? நீ மட்டும் விடாம ஆடியிருந்தா..."

"இல்லம்மா" என்றேன்.

"என்ன இல்ல?"

"ஆகியிருக்க மாட்டேன்மா. அவ வேற."

"என்னத்த வேற? அந்தப் பிள்ளையே கடைசில தடுமாறி ஒனக்கு ஒரு பாயிண்டு இனாமாக் குடுத்துருக்கால்லா? வலையில அடிச்சிருக்கா, நான் பாத்தேனே."

"அவ குடுக்கலம்மா. நான் குடுத்தத அவ வாங்கல."

அம்மாவுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். நூறு காக், கையின் பழக்கம், நடுக்கோர்ட்டில் நான் தூக்கியது, அவள் என்னைப் பார்த்தது, தட்டியது, வலைக்குக் கீழே வந்து சொன்ன இரண்டு வார்த்தை, பிறகு அந்த மூலைக்கு நான் போட்ட மூன்று, அவள் எடுத்த மூன்று.

பன்னிரண்டு வருடத்தில் அம்மா ஜெசிந்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. "அந்தப் பிள்ளை" என்பாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. இன்று மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:

"ஜெசிந்தாவுக்கு முட்டி இப்ப எப்படிட்டி இருக்கு?"